ஸ்டெபின் சாருக்கு இன்னும் ஒரு வருஷம்

எனக்குக் கால்பந்தில் பெரிய விருப்பம் கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டால் இப்போதும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் அது அப்பாவின் விஷயம். அவர் பெயர் சின்னராஜ். நாகலூரில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். ஊர்க் கால்பந்து கிளப்புக்கு அவர்தான் தலைவர். நான் சேலத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பெண் சும்மா இருக்கிறாளே என்று மைதானத்தில் கோடு போடும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். ஆட்டம் இருக்கிற நாளில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கயிறு பிடித்துக் கட்ட வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பால் டின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக் கயிற்றை ஒட்டித் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்டெபின் சாரை நீங்கள் விசாரிப்பது அந்தக் கோட்டுக்காகத்தான். மைதானம் தன் பொறுப்பு என்று அவர் சொன்னாராம். அவர் அப்படித்தான் சொல்வார். கோடு போட்டது நான். என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே பஸ் ஏறி வந்தேன்.

ஸ்டெபின் சாரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அப்போதுதான் மற்றது புரியும்.

எங்கள் மலையில் கால்பந்து என்றால் பந்தைத் தூக்கி அடிப்பது. மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கீழ்ப்பக்கம் காப்பித் தோட்டம். யார் உயரமாக, தூரமாக அடிக்கிறானோ அவன்தான் ஆட்டக்காரன். பாதி நேரம் பந்து காப்பிச் செடிக்குள் கிடக்கும். தேடப் போனவன் காலில் அட்டையோடு வருவான். பார்க்கிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. ஸ்டெபின் சார் எங்கள் பையன்களைப் பழக்க ஏற்காடு டவுனிலிருந்து வந்தவர். மாவட்ட அணியில் ஆடியவர். அவர் வந்ததும் முதலில் சொன்னது, பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது என்பதுதான். சரிவான தரையில் பந்தை நிறுத்தவும், பக்கத்தில் இருப்பவனுக்கு மெதுவாகத் தள்ளவும், வாங்கினவன் உடனே இன்னொருவனுக்குக் கொடுக்கவும் பழக்கினார். விடிகாலைப் பனியில் பையன்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். கோடு போட வரும் நாட்களில் நான் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும். ஆனால் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கை. தலைச்சோலைக்காரர்கள் கோட்டுக்கு வெளியே நின்று, "நாகலூரு பசங்க கோலம் போடறாங்கடா, ஆராச்சும் கலர் பொடி கொண்டாங்கடா" என்று கத்துவார்கள். அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இதில் யுவராஜ் எங்கே வருகிறான் என்று கேட்பீர்கள். யுவராஜ்தான் கேப்டன், கோல்கீப்பர். நாகலூருக்கும் அடிவாரத்துக்கும் ஜீப் ஓட்டுகிறான். வீட்டில் அவனும் அவன் அம்மா ஆராயியும் மட்டும். ஆராயி அக்கா எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். யுவராஜ் கையிலிருந்து பந்தை உதைத்தால் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழும். அந்த உதைக்காகவே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஸ்டெபின் சார் அவனிடம், உதைக்காதே, கையால் உருட்டிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடு என்றார். இரண்டு முறை உருட்டுவான். மூன்றாவது முறை தூக்கி அடிப்பான். கூட்டம் விசில் அடிக்கும். மற்ற பையன்களும் உருட்டுவதை விட்டுவிட்டு ஓடத் தொடங்குவார்கள். அதன் பிறகு அது ஸ்டெபின் சாரின் அணியாக இருக்காது.

அவன் கெட்டவன் இல்லை. வேலைக்காக நான் பரீட்சை எழுதப் போகும்போது அடிவாரம் வரைக்கும் அவன் ஜீப்பில்தான் போவேன். காசு வாங்க மாட்டான். "டீச்சரம்மா பாசானாப் போதுமுங்க" என்பான். படித்தவள் என்பதால் நான் அவனுக்கு டீச்சரம்மா. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

பொங்கலுக்கு முன்னால் சுப்பிரமணி அண்ணன் ஓட்டலில் கிளப் கூட்டம் நடந்தது. சுப்பிரமணி அண்ணன் சேலத்துக்காரர். பையன்களுக்குப் பனியன் வாங்கிக் கொடுப்பது அவர்தான். நான் அப்பாவோடு போய்ப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெபின் சாரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதுதான் பேச்சு.

"தோத்துட்டேதான் இருக்கறமுங்க. இன்னும் எத்தன நாளைக்குப் பாக்கறது?" என்றார் அப்பா. "சந்தைக்குப் போனா மூஞ்சியக் காட்ட முடீல."

"ஏனுங்க ரைட்டரே, காப்பிச் செடி வெச்சா நாலு வருசம் பொறுக்கறீங்கல்ல? வாத்தியாருக்கு ஒரு வருசம் பொறுக்கக் கூடாதுங்களா?" என்றார் சுப்பிரமணி அண்ணன்.

"செடி வந்து, தரையிலயே காய்ங்க, மரத்துல காய்க்காதீங்கன்னு சொல்லாதுங்கண்ணா" என்றான் யுவராஜ். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்தினால் அது தோற்றதாக அர்த்தம் இல்லை, நிறுத்தியதாகத்தான் அர்த்தம் என்றேன். கல்லூரியில் டைட்ரேஷன் செய்வோம். குடுவையில் ஒரு திரவத்தை வைத்து, மேலிருந்து இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. கடைசிச் சொட்டில் மொத்தமும் நிறம் மாறிவிடும். அதற்கு முந்தின சொட்டில் கையை எடுத்தவள், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எழுதிவைப்பாள். ஸ்டெபின் சாருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்றேன்.

பிறகு யுவராஜ், "அப்ப நாங்கல்லாம் கண்ணாடிக் குடுவைங்களா டீச்சரம்மா? கீழ போட்டு ஒடச்சிராதீங்க, எங்கம்மாவுக்கு நான் ஒரே பையன்" என்றான். இந்த முறை சிரிப்பு நிற்க நேரமானது. அப்பாவும் சிரித்தார். "உக்காரு கண்ணு. இது உன்ற காலேஜ் லேப்பு இல்ல" என்றார்.

நான் உட்கார்ந்தேன். முகம் எரிந்தது. அதற்காகத்தான் செய்தாயா என்று நீங்கள் கேட்கலாம். அதற்காக இல்லை. நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

பொங்கல் கோப்பையில் தலைச்சோலையோடு ஓர் ஆட்டம், அதில் தோற்றால் ஸ்டெபின் சார் போக வேண்டியது என்று முடிவானது. மறுநாள் மைதானத்தில் அவர் என்னிடம், "எனக்காகப் பேசினீங்களாமே. தேங்க்ஸ் வெண்ணிலா. ஆனா வேண்டாங்க, இதுக்காக நீங்க திட்டு வாங்காதீங்க" என்றார். அவர் என்னோடு அதிகமாகப் பேசியது அவ்வளவுதான். ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் நான் பேசியிருப்பேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பையன்கள் பழகி முடித்து, எஸ்டேட் ஸ்டோர் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே தூள் அள்ளிக்கொண்டிருந்தேன். யுவராஜ் சொன்னது காதில் விழுந்தது. "நாளைக்கு நான் தூக்கித்தாண்டா அடிப்பேன். நீங்க மேல ஓடீருங்க. செயிச்சாலும் நம்ம ஆட்டத்துல செயிப்போம், தோத்தாலும் நம்ம ஆட்டத்துல தோப்போம். சார் நல்ல மனுசன்தான். அவரு சொல்றது அவருக்கு."

யோசித்துப் பாருங்கள், மேடம். அப்படி ஆடி ஜெயித்தால் அது யுவராஜின் உதையால் ஜெயித்தது, பிறகு சார் எதற்கு என்பார்கள். தோற்றால் ஸ்டெபின் சாரால் தோற்றது. இரண்டில் எது நடந்தாலும் அவர் போய்விடுவார். அவர் சொல்லிக்கொடுத்தது சரியா தவறா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். சோதனையைக் கெடுக்கிற பொருள் ஒன்று குடுவையில் இருந்தால் முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும். இது முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது.

இப்போது சுண்ணாம்பைப் பற்றி. பொங்கலுக்கு எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கெல்லாம் வெள்ளையடிப்போம். போன பொங்கலுக்குத் தண்ணீர் தெளித்து நீற்றி மீந்த தூளைத்தான் வருஷம் முழுவதும் மைதானத்தில் போடுவது. காற்றுப் பட்டுப் பட்டு அது சாதுவாகிவிடும். சாக்பீஸ் தூளுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. கண்ணில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் பையன்கள் மைதானத்தில் இறங்கும்போது கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், கோயில் வாசற்படியைத் தொடுவது போல. மற்றவர்கள் ஒரு விரலால் பேருக்குத் தொடுவார்கள். யுவராஜ் அப்படி இல்லை. கையுறை இரண்டையும் தண்ணீரில் நனைத்து, கோல் கோட்டின் நடுவில் பதித்து, இரண்டு கண்ணிலும் அழுத்தி எடுப்பான். நிமிரும்போது இமை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். கூட்டம் கை தட்டும்.

இந்தப் பொங்கலுக்கு வந்த புதுக் கல் ஒரு டின் மீதி இருந்தது. சூளையிலிருந்து வந்தபடியே, நீற்றாத சுட்ட சுண்ணாம்பு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு அதில் கொஞ்சத்தை இடித்துச் சலித்து வைத்துக்கொண்டேன். மைதானம் முழுவதும் பழைய தூளில்தான் கோடு போட்டேன். கோல் கோட்டின் நடுவில் மட்டும் விட்டுவைத்தேன். பனி ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஆட்டக்காரர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த இடத்தைப் புதுத் தூளால் நிரப்பினேன். ஒரு முழ நீளம்தான். வேறு யாருக்கும் படக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நான் அஜாக்கிரதையாகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கூட்டம் நிறைய. அப்பாவும் சுப்பிரமணி அண்ணனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆராயி அக்கா பறிப்புக்குப் போகாமல் மகன் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். யுவராஜ் பாட்டில் தண்ணீரைக் கையுறையில் ஊற்றிக்கொண்டு ஓடி வந்தான். குனிந்தான். தொட்டான். கண்ணில் வைத்து அழுத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

முதலில் அவன் சிரித்தான். "எவன்டா மொளகாப்பொடி கலந்தவன்? தலைச்சோலைக்காரனுங்களா?" என்றான். பிறகு கையுறையைக் கழற்றி வீசினான். பிறகு உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் போட்ட சத்தத்தைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் அங்கே இருந்தவர்களிடம் கேட்டிருப்பீர்கள்.

என் எண்ணம் என்னவென்றால், கண் எரியும், கழுவுவார்கள், அன்றைக்கு ஆட முடியாது. மாற்று கோல்கீப்பர் இருந்தான். சார் சொன்னபடி உருட்டுகிறவன் அவன். ஜெயித்தால் ஸ்டெபின் சாரின் ஆட்டம் ஜெயித்ததாகிவிடும். தோற்றால் கேப்டன் இல்லாமல் தோற்றார்கள் என்று அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். நேற்றுவரை என்னிடம் நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கேயே நிறுத்திக்கொண்டாலும் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் முழுதாகச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஸ்டெபின் சார்தான் முதலில் ஓடினார், ஒரு குடம் தண்ணீரோடு. அதைத்தான் செய்ய வேண்டும். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் ஒரு நொடி தாமதிக்காமல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குடம் குடமாக. வேறு மருந்து கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் அது யாருக்கும் தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் பானையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது புகைந்து கொதிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் வெந்துபோகும் என்பதுதான்.

ஆராயி அக்கா குறுக்கே விழுந்தார். "தண்ணி ஊத்தாதீங்க சாமி! கண்ணு வெந்துருமுங்க சாமி! எண்ணெ கொண்டாங்க, ஆராச்சும் எண்ணெ கொண்டாங்க!"

அப்பா ஸ்டெபின் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உடுங்க சார். சுண்ணாம்பு சார் அது. நீங்க டவுன்காரரு, உங்களுக்குத் தெரியாது."

"கழுவணுங்க, விடுங்க" என்றார் அவர். ஆனால் அவர் குரலிலும் உறுதி இல்லை. தோற்றுத் தோற்று, அவர் சொல்வதை யாரும் கேட்காத பழக்கம் அவருக்கும் வந்துவிட்டது போல. அவர் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினார். என்னைப் பார்த்தார்.

"வெண்ணிலா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானே. சொல்லுங்க. தண்ணி ஊத்தலாமா, வேண்டாமா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆராயி அக்கா, அப்பா, சுப்பிரமணி அண்ணன், தலைச்சோலைக்காரர்கள் எல்லோரும். "சொல்லு கண்ணு, நீ படிச்ச புள்ள" என்றார் அப்பா. யுவராஜும் தரையில் கிடந்தபடி, "டீச்சரம்மா, சீக்கிரமாச் சொல்லுங்க" என்றான்.

கழுவினால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். கண் சிவந்திருக்கும். எழுந்ததும் நேராகக் கோலுக்குத்தான் போவான். பந்து கைக்கு வந்ததும் தூக்கித்தான் அடிப்பான்.

"வேண்டாம்" என்றேன்.

ஸ்டெபின் சார் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். நான் சொன்ன ஒரு சொல்லை அன்றைக்கு மொத்த ஊரும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஓட்டலிலிருந்து தேங்காயெண்ணெய் வந்தது. ஊற்றினார்கள். துணியால் கட்டினார்கள். அவன் ஜீப்பிலேயே அவனைப் படுக்க வைத்து, ஸ்டெபின் சார் அவன் தலையை மடியில் வாங்கிக்கொள்ள, மலை இறங்கினார்கள். சேலத்தில் டாக்டர் முதலில் கேட்டது, ஏன் கழுவவில்லை என்பதுதானாம்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார்கள். கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஓட்டுவதற்கு அது போதாது. ஆராயி அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீயாவது நல்ல நேரத்துல சொன்ன கண்ணு, தண்ணிய ஊத்தியிருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கை சொரசொரப்பாக இருந்தது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஆட்டம் தள்ளிப்போனது. அந்த வாரமே கிளப் கூடியது. இந்த நிலைமையில் வாத்தியாரை எப்படிப் போகச் சொல்வது, அடுத்த பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்று அப்பாவே சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குத் தகவல் வந்து, நீங்கள் அவரை அழைத்து வந்தீர்கள். அவர் இங்கே உட்கார்ந்திருந்தால் பையன்களை யார் பழக்குவது? ஒரு நாள் விட்டாலும் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விடும். அதனால்தான் வந்தேன். பயந்து வரவில்லை, மனசாட்சி என்றும் எழுத வேண்டாம். அவர் மேல் தப்பு இல்லை. அவரை அனுப்பிவிடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

சற்று முன்னால் நீங்கள் பக்கத்து அறைக்குப் போய், நான் செய்ததை அவரிடம் சொன்னீர்கள். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் வந்தது. பிறகு, "நான்தானே மேடம் அவகிட்ட கேட்டேன், நான்தானே கேட்டேன்" என்றார். இனிமேல் பந்தைத் தொட மாட்டேன் என்றார். வெளியே வந்து என்னைக் கடந்து போகும்போது என்னைப் பார்க்கவில்லை. இப்போது வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். அதிர்ச்சியில் யாரும் அப்படித்தான் பேசுவார்கள். அவருக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள். மாற்று கோல்கீப்பர் நன்றாக உருட்டுகிறான், இப்போது குறுக்கே நிற்க யாரும் இல்லை. அடுத்த பொங்கலுக்குள் அவர் ஜெயித்துவிடுவார். ஜெயித்ததும் யுவராஜிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள், அவனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.